பிரான்சிஸ்காவின் பேரில்

யோசேப் கதவைச் சாத்திக் கொக்கியும் போட்டுவிட்டுத்தான் தேகப்பயிற்சி செய்வார். பின்னேரம் நாலு மணிக்கு அந்தத் தகரக் கூரை வீடு அவிந்துகொண்டிருக்கும். சாரத்தை மடித்துக் கட்டி, மேலுக்கு ஒன்றும் இல்லாமல், அரிப்பு என்ற ஊரின் கடலில் வலை இழுத்துத் திரண்ட அந்த உடம்பு அறை நடுவில் நிற்கும். மேசையில் போன். போனின் மேல் துவாய். துவாய்க்குள்ளிருந்து ஒரு பெண் குரல் வரும்.

"அம்மாமார், அக்காமார், இப்ப தோளை மெதுவா உருட்டுங்கோ பாப்பம்."

யோசேப் மெதுவாக உருட்டுவார்.

அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை. வருத்தம் வந்தது பெண்சாதி பிரான்சிஸ்காவுக்கு. அந்த வகுப்பு, புற்றுநோய்ச் சிகிச்சை முடித்த பெண்களுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து போன் வழியாக நடக்கிற வகுப்பு. பெண்களுக்கு மட்டும். அப்படியென்றால் இந்த மீசைக்காரருக்கு அங்கே என்ன அலுவல்? இருங்கோ, அதுக்குத்தானே கதை.

பிரான்சிஸ்காவை ஊரில் தெரியாதவர் இல்லை. இந்தியாவில் மண்டபம் அகதி முகாமில் இருந்தபோது தண்ணி வரிசையில் ஒருத்தரையும் இடையில் புகவிடாதவள். சண்டை முடிந்து ஊருக்குத் திரும்பி, பற்றையாய்க் கிடந்த வளவைப் பார்த்து யோசேப் கண்கலங்கி நின்றபோது, "அழுறதெண்டால் கத்தியைத் தந்துபோட்டு நிண்டு அழுங்கோ" என்று வெட்டத் தொடங்கியவள். நண்டு வலை கரைக்கு வந்தால் முதலில் போகிற கை அவளுடைய கைதான். அப்பேர்ப்பட்டவளுக்கு வலப்பக்க மார்பில் கட்டி. தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்கு அலைந்து, வெட்டி எடுத்து, மருந்து ஏற்றி, கதிர்ச் சிகிச்சையும் முடிந்து வீட்டுக்கு வந்தபோது உயிர் இருந்தது, அந்தப் பழைய குரல் இல்லை. வலக்கை தோளுக்கு மேலே எழும்பவும் இல்லை.

"கையைப் பழக்க வேணும். விட்டால் இறுகிப் போகும், வீங்கத் தொடங்கினால் பிறகு பெரிய கரைச்சல்," என்று டொக்டர் சொல்லித்தான் அனுப்பினார். பிரான்சிஸ்கா தலையாட்டினாள். வீட்டுக்கு வந்து கதிரையை முற்றத்துப் பக்கம் போட்டு இருந்தாள். இருந்தவள் இருந்தவள்தான். "கை எழும்பி இனி ஆருக்குச் சலூட் அடிக்கப் போறன்?" என்பாள். சோற்றை இடக்கையால் அளைவாள். தலைமயிர் திரும்ப முளைத்துக்கொண்டுதான் இருந்தது. அதையும் ஒரு துணியால் மூடிக் கட்டி வைத்திருந்தாள். கோயிலுக்குக்கூடப் போவதில்லை. யோசேப்புக்குப் பயம் பிடித்துவிட்டது. நோய் போய்விட்டது சரி, ஆனால் இவள் இந்தக் கதிரையில் இருந்திருந்தே போய்விடுவாள் என்ற பயம்.

மண்ணெண்ணெய்க்கும் பெற்றோலுக்கும் நாடே வரிசையில் நின்ற வருடம் அது. வள்ளங்கள் பாதி நாள் கரையில் காய்ந்தன. பஸ் நினைத்தால் வரும், நினைத்தால் வராது. கிளினிக்குக்கு வர வழியில்லாத பெண்களுக்காகத்தான் நிறஞ்சலா மிஸ், ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்க்கிறவ, போனில் வகுப்பைத் தொடங்கினா. நறுவிலிக்குளத்தில் கலியாணம் முடித்திருந்த மகள் கிருஷாந்தினி தாயின் பேரைப் பதிந்து, தன்னுடைய பழைய போனையும் கொண்டுவந்து வைத்தாள்.

"அம்மா, இஞ்ச பாருங்கோ," என்று அவள் போனை நீட்டியபோது அதில் ஒருகணம் பிரான்சிஸ்காவின் முகமே வந்து நின்றது. பிரான்சிஸ்கா நெருப்புச் சுட்டதுபோலத் திரும்பிக்கொண்டாள். பிறகு மகள் எவ்வளவோ கெஞ்சியும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. கடைசியில் கிருஷாந்தினி தகப்பனைப் பிடித்துப் பழக்கினாள்.

"அப்பா, கமெராவும் மைக்கும் மூடித்தான் கிடக்கும், அம்மா வெக்கப்படத் தேவையில்லை. ஏதும் விளங்காட்டி நீலப் பட்டனை அமத்துங்கோ. எது கேட்டாலும் நீலம்தான்."

"எது கேட்டாலும் நீலம்," என்று யோசேப் பாடமாக்கிக்கொண்டார்.

மகள் போன மறுநாள் முதல் வகுப்பு. யோசேப் நீலத்தை அமத்தி எல்லாம் ஆயத்தமாக வைத்துவிட்டுக் கூப்பிட்டார். பிரான்சிஸ்கா அசையவில்லை. "பிரான்சி, ஒருக்கா வாவன், என்ர ராசாத்தியெல்லே," என்றும் பார்த்தார். ராசாத்தி முற்றத்துக் கோழியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து மிஸ்ஸின் குரல்.

"பிரான்சிஸ்கா அம்மா, வந்திட்டீங்களோ? கேக்குதெண்டால் கை போட்ட படத்தை அமத்துங்கோ."

அந்தப் பிள்ளை அவ்வளவு ஆசையாகக் கேட்கிறது. இல்லை என்று சொல்ல யோசேப்புக்கு மனம் வரவில்லை. படத்தை அமத்தினார்.

அமத்திய பிறகுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. அதைக் கேட்டு நீங்கள் சிரிக்கலாம். அரிப்பில் ஒருத்தரும் சிரிக்கமாட்டார்கள். மடு மாதாவிடம் நடந்து வருகிறேன் என்று நேர்ந்தவர் படுக்கையில் விழுந்துவிட்டால், வீட்டில் இன்னொருவர் அவருடைய பேரில் நடந்து போய் நேர்த்தியை முடிப்பார். பாதரும் குறை சொல்லமாட்டார், மாதாவும் குறை சொல்வதில்லை. யோசேப்பின் தாய் முகாமில் இருந்தபோது நேர்ந்ததை, ஊருக்குத் திரும்பியதும் யோசேப்தான் நடந்து முடித்தார். அவர் நடந்து வந்த அன்றே தன் முழங்கால் நோவு குறைந்துவிட்டது என்று தாய் சாகும்வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தா. அப்போ இதில் மட்டும் என்ன பிழை? மடுக் காட்டிலே நடந்தால் பலிக்கும், அறைக்குள்ளே கையைத் தூக்கினால் பலிக்காதோ?

"மாதாவே," என்றார் யோசேப். "அவள் செய்யவேண்டியதை எல்லாம் நான் செய்யிறன். நீ அதை அவளின்ர பேரில எடுத்துக்கொள்ளு."

அவர் அப்படிச் சொல்லி வாய் மூடவில்லை, மிஸ் சொன்னா: "இஞ்ச எல்லாரும் பொம்பிளையள்தான். முக்காட்டை எடுத்துப்போட்டு வசதியா நில்லுங்கோ." யோசேப் போனைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் துவாயையும் போட்டார். அன்றிலிருந்து எல்லாம் காதால் கேட்டுத்தான். தடியைத் தூக்கச் சொன்னால் மூலையில் கிடந்த துடுப்பைத் தூக்குவார். மூச்சை எடுக்கச் சொன்னால் எடுப்பார். எப்படி என்று பார்க்க அவருக்கு வழியில்லை, பார்க்கவும் மாட்டார்.

பிரான்சிஸ்கா வெளியே இருந்தபடி, மனிசன் பகலில் படுக்கப் பழகிவிட்டது என்று நினைத்தாள்.

வகுப்பில் சிலாவத்துறை உம்மு ஸல்மாவின் குரல்தான் பெரிய குரல். சண்டைக் காலத்தில் புத்தளத்துக்கு இடம்பெயர்ந்து, இப்போது திரும்பி வந்து வீடு கட்டிக்கொண்டிருக்கும் குடும்பம். அவவின் புருசன் ஜமால்தீனிடம்தான் யோசேப் நண்டு கொடுப்பது, அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடுவதும் அவரைத்தான். "மிஸ், என்ட கை இண்டைக்கு அலுமாரி மேல்தட்டைத் தொட்டுட்டு!" என்று உம்மு ஸல்மா ஒருநாள் கத்த, எல்லாரும் கை தட்டினார்கள். யோசேப்பும் துவாய்க்கு இந்தப் பக்கம் நின்று தட்டினார். அவருடைய கையும் கூரையைத் தொடும் அளவுக்கு நன்றாகத்தான் எழும்பியது. வெளியே கதிரையில் இருந்த கைதான் அப்படியே கிடந்தது. மாதா பேரை மாறிப் பதிந்துவிட்டாவோ என்று அவருக்கே சந்தேகம் வந்தது.

அதற்குள் மிஸ் வேறு புகழத் தொடங்கிவிட்டா. "வகுப்புக்கு ரீச்சர்மார் வருகினம், கந்தோரில வேலை செய்யிறவை வருகினம். கடற்கரைப் பக்கத்தில இருந்து உம்மு ஸல்மாவையும் பிரான்சிஸ்கா அம்மாவையும் விட்டால் ஆருமில்லை. அதிலயும் பிரான்சிஸ்கா அம்மா ஒரு நாளும் தவறினதில்லை. நான் போற இடமெல்லாம் அவவைத்தான் சொல்லிக்காட்டிறனான். அம்மா, இண்டைக்கு ஒருக்கா உங்கட முகத்தைக் காட்டுங்கோவன். நாங்கள் எல்லாரும் பாக்க ஆசையா இருக்கிறம்."

யோசேப்புக்கு வியர்த்துக் கொட்டியது. துவாயை விலக்கிப் போனைக் கையில் எடுத்தார். நிப்பாட்டுவோம் என்றுதான் எடுத்தார், சத்தியமாக. திரையில் ஏதோ ஒரு கேள்வி வந்து நின்றது. கீழே ஒரு நீலம், பக்கத்தில் ஒரு வெள்ளை. எது கேட்டாலும் நீலம். அமத்தினார்.

யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் சிலாவத்துறையிலும் இருந்த அத்தனை பெண்களுக்கும் முன்னால், வெறும் மேலோடு, வியர்த்து வடிய, பெரிய மீசையோடு ஒரு ஆம்பிளை வந்து நின்றான்.

"யா அல்லாஹ்! ஆம்புளை! ஆம்புளை!" என்று உம்மு ஸல்மா அலறியது வாசல்வரை கேட்டது. பிறகு கதிரைகள் விழுகிற சத்தம், பெண்கள் கத்துகிற சத்தம், ஒவ்வொன்றாக எல்லாம் அடங்கிப் போயிற்று.

வெளியே இருந்து பிரான்சிஸ்கா ஓடி வந்து கதவைக் காலால் உதைத்தாள். யோசேப் கொக்கியைக் கழற்றினார். எல்லாவற்றையும் சொன்னார், மடு நேர்த்தி உட்பட. பிரான்சிஸ்கா கேட்டுக்கொண்டே நின்றாள். அவளுக்கு மெல்ல மெல்லக் குரல் திரும்பியது.

"விசரோ உங்களுக்கு? ஆ? கண்டறியாத நேர்த்தி! ஊர்ப் பொம்பிளையளின்ர வகுப்புக்குள்ள மேலுக்கு ஒண்டும் இல்லாமல் போய் நிண்டிருக்கிறியளே, நாக்கைப் புடுங்கிக்கொண்டு சாகலாம் போல கிடக்கு! நானெல்லே நோயாளி, உங்களை ஆர் கையைத் தூக்கச் சொன்னது?"

"நீ தூக்கேல்லையே, பிரான்சி," என்றார் யோசேப்.

பிரான்சிஸ்கா இடக்கையால் துவாயை எடுத்து அவர் மேல் எறிந்தாள்.

பொழுதுபடும் நேரம் மிஸ் கோல் எடுத்தா. யோசேப் போனை வாங்காமல் விலகி நிற்க, பிரான்சிஸ்காவே எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். மிஸ் ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லாய் இருந்திருக்கும். "அம்மா, ஐயா என்ன நினைச்சுச் செய்தாரோ தெரியாது. உம்மு ஸல்மா அக்கா இனி வரமாட்டன் எண்டு சொல்லிப்போட்டா. வீட்டுக்காரரும் போனை வாங்கி வைச்சிட்டாராம். அவவின்ர கை இப்பதான் எழும்பத் தொடங்கினது. நான் உங்கட கையும் எழும்பீட்டுது எண்டெல்லோ நினைச்சுக்கொண்டு இருந்தனான்," என்றா. சொல்லும்போதே அந்தப் பிள்ளையின் குரல் உடைந்தது.

யோசேப் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். தான் ஒரு கையைத் தூக்கப் போய் ரெண்டு கையை விழுத்திப் போட்டேன் என்று அவருக்கு நெஞ்சு எரிந்தது. மறுநாள் காலையில் கரைக்குப் போனால் ஜமால்தீன் அவரைக் கண்டும் காணாதவர்போலத் தராசைத் தூக்கிக்கொண்டு அடுத்த வள்ளத்துக்குப் போனார். அதுவும் சரிதான் என்று யோசேப் நினைத்தார். தன் வீட்டில் நடந்திருந்தால் தான் தராசைத் தூக்கி அடித்திருப்பார்.

வீட்டுக்குத் திரும்பியபோது பிரான்சிஸ்கா சீலை மாற்றித் தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"சைக்கிளை எடுங்கோ. சிலாவத்துறைக்குப் போவம்."

"நீயோ? நீ எங்க வரப் போறாய்?"

"நீங்கள் தனியப் போனால் அடிச்சுத்தான் அனுப்புவினம். என்ர பேரைச் சொல்லித்தானே போய் நிண்டனீங்கள்? அப்ப நான்தான் போகவேணும். எடுங்கோ எண்டுறன்."

எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவள் வாசல் படலையைத் தாண்டினாள். யோசேப் முன்னால் பார்த்து மிதித்தார். ஏதும் சொன்னால் அவள் இறங்கிவிடுவாள் என்று பயம். காற்று எதிர்த்து அடித்தது. பின்னால் கரியரில் இருந்தபடி அவள் வழி முழுக்க ஏசிக்கொண்டே வந்தாள். அந்த ஏச்சு அவருக்குத் தேவாமிர்தமாக இருந்தது.

ஜமால்தீனின் வீடு பாதி பூசியும் பாதி பூசாமலும் கிடந்தது. அவர் முற்றத்து வேம்பின் கீழ்க் கதிரை போட்டு இருந்தார். யோசேப்பைக் கண்டதும் எழும்பினார், பின்னால் பிரான்சிஸ்காவைக் கண்டதும் என்ன செய்வதென்று தெரியாமல் திரும்பவும் இருந்தார்.

"யோசேப்பு, உம்மை நான் நல்ல மனுசன் எண்டுதான் இவ்வளவு காலமும் நினைச்சனான்."

"நானா, மடு மாதாவாணை நான் பாக்கேல்ல. போனைக் கவிட்டு வைச்சு, மேல துவாயும் போட்டுத்தான் செய்தனான். காதால கேட்டதுதான்."

"கள்ளனும் அப்பிடித்தான் சொல்லுவான். ஆர் கண்டது?"

யோசேப்பின் முகத்தில் ஈயாடவில்லை. ஆர் கண்டது என்றால் உண்மைதானே, ஒருத்தரும் காணவில்லை. அப்போதுதான் பிரான்சிஸ்கா முன்னுக்கு வந்தாள்.

"செய்து காட்டுங்கோ," என்றாள்.

"என்னத்தை?"

"அறைக்குள்ள செய்ததை. எல்லாத்தையும் இதில நிண்டு செய்து காட்டுங்கோ. உள்ள உம்மு ஸல்மா ராத்தா இருக்கிறா. சரியோ பிழையோ எண்டு அவ சொல்லுவா."

வாசல் திரைச்சீலை அசைந்தது. அதற்குப் பின்னால் ஆள் நிற்கிறது தெரிந்தது. யோசேப் ஒரு கம்பை எடுத்தார். தடியை இரண்டு கையாலும் பிடித்து மேலே தூக்கச் சொல்லி மிஸ் சொன்னதை, அவர் எப்போதும்போலத் திருவிழாவில் கொடி பிடிக்கிற மாதிரிச் செங்குத்தாகப் பிடித்து, வானத்தைக் குத்துகிறதுபோலத் தூக்கினார். திரைக்குப் பின்னால் ஒரு சத்தம், இருமலோ என்னவோ. பிறகு முழங்கையை மடித்துத் தோளைச் சுழற்றினார்: நீர்க்காகம் செட்டை உலர்த்துகிறது போல் இருந்தது. ஜமால்தீன் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு மூச்சு. இழுத்து, கொஞ்சம் வைத்திருந்து, மெதுவாக விடச் சொன்னது. யோசேப் இளவயதில் சங்கு குளித்த ஆள். இழுத்தார், வைத்திருந்தார், வைத்திருந்தார், கண் பிதுங்கி முகம் கறுக்கும்வரை வைத்துக்கொண்டே நின்றார்.

"விடுமையா! மூச்சை விடும்! செத்துக் கித்துப் போகப் போறீர்!" என்று ஜமால்தீன் பாய்ந்து அவருடைய முதுகில் அடித்தார்.

திரைக்குப் பின்னால் இருந்தவவுக்கு அதற்கு மேல் முடியவில்லை. சிரிப்பு வெடித்துவிட்டது. "அல்லாஹ்வே, அந்த மனுசன் பாக்கல்ல! ஒருக்காப் பாத்திருந்தாலும் கைக்குழந்தைகூட இப்பிடிச் செய்யாது! என்னங்க, அந்தாளை இருக்கச் சொல்லுங்க, பாவம். அந்தப் புள்ளைய உள்ளுக்கு வரச் சொல்லுங்க."

பிரான்சிஸ்கா திரையை விலக்கி உள்ளே போனாள். ஜமால்தீன் இன்னொரு கதிரையைக் கொண்டுவந்து போட்டு, பாலில்லாத பிளேன்ரீயும் ஊற்றிக் கொடுத்தார். யோசேப் கதிரை நுனியில் இருந்தார். உள்ளே நடப்பது இப்போதும் அவருக்குக் காதால்தான்.

"எங்கட மிஸ் புகழுற பிரான்சிஸ்கா நீங்கதானா? ஏன் புள்ள நீங்க வரல்ல? மனுசன விட்டுட்டு ஏன் இருந்தீங்க?"

பிறகு பிரான்சிஸ்காவின் குரல், யோசேப் வீட்டில் ஒருநாளும் கேட்காத ஒரு சின்னக் குரல்.

"அந்தப் போனைத் திறந்தால் முதல்ல என்ர முகமெல்லோ வருகுது, ராத்தா. மயிரில்லாமல், இமைமயிரும் இல்லாமல். வீட்டுக் கண்ணாடியையே நான் திருப்பி வைச்சிருக்கிறன். அவருக்குத் தெரியாது. அவர் நான் கையைத் தூக்கச் சோம்பிப் பஞ்சிப்படுறன் எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறார். எனக்கு என்னைப் பாக்கப் பயமா இருக்குது."

கண்ணாடி திரும்பிக் கிடந்ததை யோசேப் கண்டவர்தான். காற்றுக்குத் திரும்பியிருக்கும் என்று நினைத்தவர். அவளுக்காக என்று தோளைச் சுழற்றின மனிதன், ஏனடி உனக்கு ஏலாமல் இருக்கு என்று ஒருதரம் அவள் பக்கத்தில் இருந்து கேட்கவில்லை. அவருக்கு அழுகை வந்தது. ஜமால்தீன் பார்க்காததுபோல வேம்பைப் பார்த்தார்.

உள்ளே உம்மு ஸல்மா சொன்னா: "இஞ்ச பாருங்க, எனக்கும் இப்பதான் முளைக்குது. தடவிப் பாருங்க, முள்ளம்பண்டி மாதிரி. வெக்கப்படாதீங்க, தடவுங்க. ம்... இப்ப உங்கடதைக் காட்டுங்க. சரியாப் போச்சு, ரெண்டு முள்ளம்பண்டி! போன் கிடக்கட்டும். இண்டைக்கு என்ட முகத்தைப் பாருங்க, நான் உங்கட முகத்தைப் பாக்கிறன். வாங்க, சுவரில விரலை வைங்க. சிலந்தி ஏறுற மாதிரி, மெல்ல மெல்ல."

"ஏலாது ராத்தா."

"எனக்கும் ஏலாமத்தான் இருந்த. வைங்க."

பிறகு, "மாதாவே!" என்று பிரான்சிஸ்கா கத்தினாள்.

யோசேப் பாய்ந்து எழும்பினார். பிளேன்ரீ சிந்தியது. ஜமால்தீன் அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"இரும்."

"அவளுக்கு நோகுது நானா!"

"நோகத்தான் செய்யும். என்ட மனுசியும் கத்தினவதான், நானும் ஓடினவன்தான். இரும் யோசேப்பு. இதில உமக்கும் எனக்கும் வேலையில்லை."

யோசேப் இருந்தார். இருக்கிறது அவருக்கு வலை இழுப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது. உள்ளே மூச்சு வாங்குகிற சத்தம், "இன்னும் கொஞ்சம் புள்ள, இன்னும் கொஞ்சம்" என்கிற குரல், பிரான்சிஸ்கா பல்லைக் கடித்து முனகுகிற சத்தம். திடீரென்று, "ராத்தா, தோள் தாண்டீட்டுது! பாருங்கோ, தாண்டீட்டுது!" என்று அவள் அழுதாளா சிரித்தாளா என்று தெரியாமல் ஒரு குரல் வந்தது. அது பழைய பிரான்சிஸ்காவின் குரல், தண்ணி வரிசையில் ஒருத்தரையும் புகவிடாதவளின் குரல்.

ஜமால்தீன் பக்கத்திலிருந்து குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பதை யோசேப் கண்டார். ஏன் சிரிக்கிறார் என்று பிறகுதான் விளங்கியது. தன்னுடைய இரண்டு கையும் தலைக்கு மேலே நின்றன. எப்போது போயின என்று அவருக்கே தெரியாது.

"இஞ்சேருங்கோ!" என்று உள்ளேயிருந்து பிரான்சிஸ்கா கூப்பிட்டாள். அவளுக்கு முற்றம் தெரியாது, நடுவில் சுவரும் திரையும். "நீங்களும் தூக்கிக்கொண்டுதான் இருப்பியள், எனக்குத் தெரியும். கையைக் கீழ விடுங்கோ. இது நான் தூக்கிறன்."

யோசேப் கையைக் கீழே விட்டார்.